பயறு முளைப்பதைப் படம் பிடிக்க...

கண்ணாடி டம்ளரில் மண் நிரப்பி, பச்சைப்பயறைக் கண்ணாடியை ஒட்டினாற்போல் ஊன்றுங்கள்; வேர் இறங்குவதும் தெரியும். இடைவெளி விட்டுத் தானாகப் படமெடுக்கும் ஆப் வேண்டும். 10 நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளுக்கு 144, ஐந்து நாளில் 720 படங்கள். நொடிக்கு 24 வீதம் ஓட்டினால் அரை நிமிட வீடியோ.

வெளிச்சம்தான் உயிர். ஜன்னல் வெயில் ஏறி இறங்கினால் வீடியோ மினுக்கிக்கொண்டே இருக்கும். திரையை இழுத்துவிட்டு ஒரே எல்.இ.டி. விளக்கை இரவு பகலாக எரியவிடுங்கள். ஃபோகஸ், எக்ஸ்போஷர் இரண்டையும் லாக் செய்யுங்கள். போன் சார்ஜரிலேயே இருக்கட்டும். ஃபேன் காற்று படக்கூடாது. தண்ணீரை, டம்ளரை அசைக்காமல், ஸ்பூனால் கொஞ்சமாக விடுங்கள்.

கொக்கிபோல் வளைந்த தண்டு மண்ணை முட்டி நிமிரும் காட்சிதான் அழகு. அது வளர, படத்தின் மேல்பாதியைக் காலியாக விட்டு வையுங்கள்.