நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா?

வயிற்றில் இரட்டைக் குழந்தைகள் எனத் தெரிந்ததும் குடும்பத்தார் எங்களிடம் பெரும்பாலும் கேட்பது, "இருவரும் ஒரே சாயலில் இருப்பார்களா?" என்பதே. நாங்கள் முதலில் விடை தேடும் கேள்வி வேறு: இருவருக்கும் நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா? கர்ப்பகாலக் கவனிப்பு முழுவதும் இவ்விடையைப் பொறுத்தே அமைகிறது.

11 முதல் 14 வாரங்களுக்குள் எடுக்கும் ஸ்கேனில் இது நன்கு புலப்படும். நாள் செல்லச் செல்லக் கண்டறிதல் கடினமாகும்.

நஞ்சுக்கொடி தனித்தனியாக இருப்பின் ஒரு குழந்தையின் இரத்தம் மற்றதற்குச் செல்வதில்லை. பொதுவாக நான்கு வாரங்களுக்கு ஒரு முறை ஸ்கேன் போதுமானது.

ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் குழந்தைகளின் இரத்தக் குழாய்கள் அதனுள் இணைந்திருக்கும். இத்தகைய கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்தில் இரத்தவோட்டம் சமநிலை இழக்கிறது. ஒரு குழந்தை இரத்தத்தை இழக்க, அதனைச் சூழ்ந்த பனிநீர் வற்றுகிறது. மிகுதியாகப் பெறும் குழந்தையின் இதயம் சுமை தாளாது தளர்கிறது. கவனியாது விட்டால் இருவரையும் இழக்க நேரலாம். தொடக்கத்தில் தாய்க்கு எவ்வித வலியும் தோன்றாமல் இருக்கக்கூடும். ஆதலின் 16ஆவது வாரம் முதல் இரு வாரங்களுக்கு ஒரு முறை ஸ்கேன் செய்கிறோம். உரிய காலத்தில் கண்டறிந்தால், சிறப்பு மையங்களில் லேசர் கொண்டு அக்குழாய்களை அடைத்துச் சிகிச்சை அளிக்க இயலும்.

இரட்டையரில் பாதிக்கு மேற்பட்டோர் 37 வாரம் நிறைவதற்கு முன்னரே பிறக்கின்றனர். எந்நேரமும் படுத்தே இருப்பது இதனைத் தடுப்பதில்லை. மாறாக, கால்களில் இரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டும். குறைமாதப் பிரசவம் நெருங்கினால் தாய்க்கு இடும் ஸ்டீராய்டு ஊசி, குழந்தைகளின் நுரையீரல் முதிரத் துணைபுரியும்.

இரட்டையர் என்றாலே அறுவைச் சிகிச்சை என்பதும் இல்லை. 25 நாடுகளில் ஏறத்தாழ 2,800 தாய்மார்களிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில், முதற்குழந்தை தலைகீழாக இருந்த நிலையில், திட்டமிட்ட அறுவைச் சிகிச்சையால் குழந்தைகளுக்குக் கூடுதல் நன்மை காணப்படவில்லை. சிக்கல் இல்லையெனில், தனித்தனி நஞ்சுக்கொடிக்கு 37ஆவது வாரமும், பகிர்ந்த நஞ்சுக்கொடிக்கு 36ஆவது வாரமும் பிரசவத்திற்கு ஏற்றவை. பனிக்குடமும் ஒன்றாயின் இன்னும் முன்னதாக, அறுவைச் சிகிச்சையே வழி.

வயிறு திடீரெனப் பெருத்தல், மூச்சுத்திணறல், கடுந்தலைவலி, பார்வை மங்கல், பனிநீர்க் கசிவு, இரத்தப்போக்கு, குழந்தைகளின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் எது தோன்றினும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

வளைகாப்பு முடிந்து தாய்வீடு செல்வோர் அங்கு வேறு மருத்துவரை நாடுவது வழக்கம். ஏழாம் மாதத்தில் புதிதாகப் பார்க்கும் அவருக்கு நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா என்று உறுதியாகக் கூறுவது எளிதன்று. எனவே முதல் ஸ்கேன் அறிக்கையில் இவ்விடை எழுதப்பட்டுள்ளதா எனக் கேட்டறியுங்கள். புடவை, வளையல்களோடு அந்த அறிக்கையையும் மறவாது எடுத்துச் செல்லுங்கள்.