சீழ்க்கைச் சிறகி

நம் ஏரி குளங்களில் வாழும் காட்டு வாத்துகளுள் சீழ்க்கைச் சிறகியும் ஒன்று. குளிர்காலத்தில் வடதேசங்களிலிருந்து வரும் வண்ண வாத்துகளைக் காணச் செல்வோர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. மங்கிய பழுப்பு நிறமும் சுமார் அரைக் கிலோ எடையும் உடையது. சேவலுக்கும் பெட்டைக்கும் வேற்றுமை தோன்றாது. பறக்கையில் சீழ்க்கையொலி எழுப்புவதால் இப்பெயர் பெற்றது.

இப்பக்ஷி வருஷம் முழுவதும் நம் நாட்டிலேயே தங்குவது. பகலில் நீர்நிலைகளில் கூட்டமாக இளைப்பாறி, பெரும்பாலும் இரவில் இரை தேடும். நெல்லைத் தின்பது மெய்யே; ஆயினும் நீர்ப்பூண்டு, நத்தை, புழு ஆகியவையும் இதற்கு இரையாம். ஆதலால் இதனை வெறும் பயிர்ச்சத்துருவென்று கொள்ளுதல் நியாயமன்று. விதைத்த வயலையும் கதிர் முற்றிய வயலையும் இரவில் காவல் செய்வதே தக்க வழி.

மரப்பொந்திலோ நாணற்புதரிலோ 7 முதல் 12 முட்டை வரை இடும். சேவலும் பெட்டையும் மாறிமாறி அடைகாக்கும். ஏரிக்கரையில் உள்ள பொந்து விழுந்த முதுமரம் விறகு விலைக்கே போகும். நிறுத்திவைத்தாலோ பல வருஷம் குஞ்சு பொரிக்க இடமாகும். ஆகவே, மரங்களை ஏலம் விடுங்கால் இத்தகையவற்றை விலக்கி வைத்தல் நலம். 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இதனை வேட்டையாடுதலும் முட்டையெடுத்தலும் குற்றமாகும் என்பதைக் கிராம அதிகாரிகள் குடிகளுக்கு அறிவித்தல் வேண்டும்.