கார் தூக்கிப் போடுகிறதா? பாகம் வாங்கும் முன் சில குறிப்புகள்

ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது கார் 'டக்'கென்று சத்தம் போட்டால், "நாலு ஷாக் அப்சார்பரையும் மாத்திடலாம் சார்" என்பார்கள் பட்டறையில். பல சமயம் குற்றவாளி சில நூறு ரூபாய் பெறும் ஒரு ரப்பர் துண்டாகத்தான் இருக்கும். ஸ்விஃப்ட், ஐ10 மாதிரி சின்ன கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குறிப்புகள் கைகொடுக்கும்.

1. முதலில் டயர். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் காற்றின் அளவு இருக்கும். பங்க்கில் பையன் வைப்பதே அளவு என்று விட்டுவிடாதீர்கள். அளவுக்கு மேல் காற்று இருந்தால் எந்தக் காரும் தூக்கித்தான் போடும். டயரின் பக்கவாட்டில் 2319 என்று நான்கு இலக்கம் இருந்தால், அது 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பல வருடமாகி ரப்பர் இறுகிப்போன டயரை வைத்துக்கொண்டு புது ஷாக் அப்சார்பர் போடுவது வீண் செலவு.

2. சத்தம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். மெதுவாகப் போகும்போது சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் 'கடகட' என்றால் லிங்க் ராடைச் சந்தேகிக்கலாம். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் 'டொய்ங்' என்றால் ஸ்ட்ரட்டின் (முன்பக்கத்தில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தொகுப்பு) மவுண்ட்டும் அதன் பேரிங்கும். பிரேக் பிடிக்கும்போதும் பள்ளத்தில் விழும்போதும் 'தட்' என்றால் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் அல்லது பால் ஜாயின்ட். பால் ஜாயின்ட்டை மட்டும் தள்ளிப்போட வேண்டாம், அது கழன்றால் சக்கரமே மடங்கிவிடும்.

3. ஷாக் அப்சார்பரை வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். காரின் ஒரு மூலையை இரண்டு கையாலும் நன்றாக அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். ஒரு தடவை எழும்பி அடங்கினால் சரி. இரண்டு மூன்று தடவை ஆடினால் வேலை முடிந்துவிட்டது. ஆடவில்லை என்பதற்காக நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, குனிந்தும் பாருங்கள். லேசான எண்ணெய்ப் பிசுக்கில் தூசி படிந்திருப்பது சகஜம். கோடு கோடாக எண்ணெய் வழிந்து அடிவரை ஈரமாக இருந்தால் லீக். டயரைத் தடவிப் பார்க்கும்போது வட்டம் முழுக்க மேடும் பள்ளமுமாகக் கையில் தட்டுப்பட்டாலும் சந்தேகம் வலுக்கும்.

4. காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. ஆகவே கார் ஒரு பக்கம் தாழ்ந்து நின்றால் ஸ்பிரிங்கைப் பாருங்கள். எதை மாற்றினாலும் முன் இரண்டையும் சேர்த்து, அல்லது பின் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

5. முன்பக்க ஸ்ட்ரட்டைக் கழற்றும்போதே மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். பழைய பம்ப் ஸ்டாப் விரலால் அழுத்தினாலே நமுத்த பிஸ்கட் மாதிரி உதிரும். பிறகு தனியாக மாற்றப் போனால் கூலி மறுபடியும் முழுசாகக் கொடுக்க வேண்டும்.

6. கடைக்குப் போகும்போது ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பரையும், பழைய பாகத்தில் இருக்கும் நம்பரின் போட்டோவையும் எடுத்துப் போங்கள். மாடல் பெயர் மட்டும் போதாது. டீசல் இன்ஜின் கனம் அதிகம் என்பதால் முன்பக்க ஸ்பிரிங் பெட்ரோல் வண்டியிலிருந்து மாறும். முன்பக்க ஸ்ட்ரட்டில் இடது, வலது தனித்தனி.

7. கார் கம்பெனியின் ஒரிஜினல்தான் வேண்டும் என்றில்லை. ஷாக் அப்சார்பரில் கேப்ரியல், மன்ரோ, பால் ஜாயின்ட்டில் ரானே என்று பேர்பெற்ற தயாரிப்புகள் சென்னை ஜி.பி. ரோடு கடைகளில் கிடைக்கும். ஜி.எஸ்.டி. பில் தராத இடத்தில் வாங்காதீர்கள். கழுவி, எண்ணெய் நிரப்பி, கறுப்புப் பெயின்ட் அடித்த 'ரீகண்டிஷன்' ஷாக் அப்சார்பர் பக்கமே போக வேண்டாம்.

8. "ஹெவி டியூட்டி போடுங்க, கல்லு மாதிரி நிக்கும்" என்பார்கள். கல் மாதிரி நிற்கும் கார் உங்கள் இடுப்புக்கு ஆகாது! சொகுசு திரும்ப வேண்டுமானால் கம்பெனி கொடுத்த அதே தன்மையில் வாங்குவதுதான் என் கட்சி. ஆயில் வகை இருந்தால் ஆயில், கேஸ் வகை இருந்தால் கேஸ். பாலியூரித்தேன் புஷ் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் சாலையின் அதிர்வை உள்ளே கொண்டுவரும், சிலசமயம் கிறீச்சிடும். குடும்ப வண்டிக்கு ரப்பர் புஷ்ஷே போதும்.

9. ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபரும் அதே கதைதான். வண்டி கொஞ்சம் உயரும், தரை தட்டாது. ஆனால் அந்தச் சுற்று வேலை செய்யாமல் நின்றுவிடுவதால் ஸ்பிரிங் விறைத்துப்போகும்.

10. நல்ல புஷ் வாங்கியும் சீக்கிரமே கிழிகிறதா? மாட்டிய விதத்தைக் கேளுங்கள். ஜாக்கியில் தூக்கியிருக்கும்போது லோயர் ஆர்ம் கீழே தொங்கும். அப்படியே போல்ட்டை முறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் புஷ்ஷின் ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருக்கும். முதலில் லேசாக மாட்டி, சக்கரத்தின் மேல் வண்டியின் முழு எடையும் இறங்கிய பிறகு கடைசி முறுக்கைக் கொடுக்க வேண்டும். பல பட்டறைகளில் அவசரத்தில் விட்டுப்போவது இதைத்தான். பக்கத்தில் நின்று சொல்லிச் செய்ய வையுங்கள்.

11. ஸ்ட்ரட்டிலிருந்து ஸ்பிரிங்கைப் பிரிக்கும் வேலையை வீட்டில் முயல வேண்டாம். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து.

12. ஸ்ட்ரட், லோயர் ஆர்ம் எதைத் தொட்டாலும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். கழற்றிய பழைய பாகங்களை டிக்கியில் போடச் சொல்லுங்கள். பில்லில் எழுதியதெல்லாம் உண்மையிலேயே மாற்றப்பட்டதா என்று அப்போதே எண்ணிப் பார்த்துவிடலாம்.