ஒரு சாவி, பல பூட்டு

அரியலூரில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு ஒருவகை ரத்தப் புற்றுநோய். ‘முகம் வீங்குது’ன்னு இமாட்டினிப் மாத்திரையை அவராகவே நிறுத்திட்டார். ஏன் வீங்குது?

செல்லுக்குக் கட்டளை கடத்தும் புரதம் ‘கைனேஸ்’. இந்நோயில் ‘ஏபிஎல்’ கைனேஸ் ஓயாமல் ‘பெருகு, பெருகு’ என்கிறது. 2001-இல் வந்த இமாட்டினிப், சாவி போல அதன் துளையில் நுழைந்து வேலையை நிறுத்துது. ஆனா நல்ல செல்லிலும் அதே மாதிரி பூட்டுகள் உண்டு. அங்கேயும் நுழைவதால் பக்கவிளைவு.

சிலருக்கு அப்புரதத்தின் 315-ஆவது அமினோ அமிலம் மாறிவிடும். அப்புறம் சாவி சேராது! 2021-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அசிமினிப், ஏபிஎல்-இன் வேறொரு துளையில் நுழைகிறது. மற்ற கைனேஸ்களில் அத்துளை அரிது.

2013-இல் உச்ச நீதிமன்றம் காப்புரிமை மறுத்ததால் இமாட்டினிப் இங்கே மலிவாகக் கிடைக்குது. “மாத்திரையை நீங்களா விடாதீங்க பெரியப்பா, வீக்கத்தை டாக்டரிடம் சொல்லுங்க” என்றேன். நாளை போகிறார்.

– 11-ஆம் வகுப்பு மாணவி, பெரம்பலூர்