குழூஉக்குறியும் கலைச்சொல்லும்: ஒரு வகுப்பறை அனுபவம்

தகுதி வழக்கு நடத்திக்கொண்டிருந்தேன். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர். வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பர். ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் வழங்கும் இச்சொற்களே குழூஉக்குறி.

"உங்கள் குழூஉக்குறிகளைச் சொல்லுங்கள்" என்றேன். கெத்து, மொக்கை, மாஸ் எனக் கரும்பலகை நிறைந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன், "டிப்ரஷன் ஐயா! நேத்து மேட்ச் தோத்ததுல எங்க எல்லாருக்கும் டிப்ரஷன்" என்றான். வகுப்பே சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை.

சென்ற ஆண்டு ஒரு மாணவி இதே சொல்லைச் சொன்னாள். எல்லோரும் சொல்வதுதானே என்று, "படிப்பில் கவனம் வை, சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டேன். பிறகு அவள் பள்ளிக்கு வருவதையே நிறுத்தினாள். வீடு தேடிச் சென்றபோதுதான், பல வாரங்களாக அவள் சரியாக உண்ணவோ உறங்கவோ இல்லை என்பது தெரிந்தது. நாளும் கேட்டுப் பழகிய சொல் என் காதை அடைத்திருந்தது.

குழூஉக்குறி பிறருக்கு மறைப்பதற்கு. கலைச்சொல் பொருளைத் துல்லியமாக்குவதற்கு. டிப்ரஷன் மருத்துவக் கலைச்சொல். துயரமோ எதிலும் நாட்டமின்மையோ, நாளின் பெரும்பகுதி, குறைந்தது 2 வாரங்கள் நீடித்து, அன்றாட வாழ்வைப் பாதிக்கும் நிலை அது. 'ஓசிடி' என்பதும் நோட்டுகளை ஒழுங்காக அடுக்கும் பழக்கமன்று. வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து வதைக்கும் நோய். நாகரிகத்துக்காக வழங்கும்போது இச்சொற்கள் துல்லியம் இழக்கின்றன.

அன்று ஒரு செயல்பாடு செய்தோம். 'டிப்ரஷன்' என்று தாம் சொன்ன தருணங்களை மாணவர்கள் எழுதி, அருகில் பொருத்தமான தமிழ்ச்சொல்லை இட்டனர். ஏமாற்றம், சலிப்பு, வருத்தம், பயம், தனிமை, கோபம் என ஒரு சொல்லுக்குள் ஆறு உணர்வுகள் ஒளிந்திருந்தன. சொல்வளப் பயிற்சியாகவும் அது அமைந்தது.

ஆசிரிய நண்பர்களே, இச்சொல்லைத் தடைசெய்ய வேண்டாம். உண்மையான வலியைச் சொல்ல ஒரு குழந்தைக்கு அந்த ஒரு சொல்தான் தெரிந்திருக்கலாம். "எத்தனை நாளாக? தூக்கம் வருகிறதா? சாப்பிடுகிறாயா?" என்று தனியே கேளுங்கள். தேவையெனில் பெற்றோரிடம் பேசி, அரசு மருத்துவமனைக்கு வழிகாட்டுங்கள். 14416 என்ற டெலி மனாஸ் உதவி எண்ணையும் வகுப்பறையில் எழுதி வைக்கலாம்.

அந்த மாணவி இப்போது பள்ளிக்கு வருகிறாள். நான்தான் கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.