புரோக்கர் காட்டுற கிழக்கு

வீடு தேடி அலையுற தங்கச்சிக்கு அக்கா சொல்ற முதல் டிப்ஸ்: "ஈஸ்ட் ஃபேசிங் மேடம்"னு புரோக்கர் கை நீட்டுற பக்கமெல்லாம் கிழக்கு இல்ல. தெரு கோணலாப் போனாலும் அவருக்கு அது கிழக்குதான். போன்ல இருக்கிற திசைகாட்டியும் லிஃப்ட், இரும்புக் கேட், கான்கிரீட் கம்பி பக்கத்துல போனா தடுமாறும். சூரியன் மட்டும்தான் யார்கிட்டயும் கமிஷன் வாங்காது.

ஆனா அது உதிக்கிற இடத்தையும் அப்படியே எடுத்துக்காதே. நேர் கிழக்குல உதிக்கிறது மார்ச் 20, செப்டம்பர் 23 வாக்குல மட்டும்தான். சென்னையில டிசம்பர் கடைசியில 24 டிகிரி தெற்கே தள்ளி உதிக்கும். ஜூன்ல அதே அளவு வடக்கே. கையை நேரா நீட்டி விரலை விரிச்சா, கட்டைவிரல் நுனியில இருந்து சுண்டுவிரல் நுனி வரைக்கும் சுமார் 20 டிகிரி. அதுக்கும் மேல விலகுது! மார்கழியில போய் "காலை வெயில் இந்த ஜன்னல்ல வருது"ன்னு அட்வான்ஸ் கொடுத்தா, ஆனியில அந்த வெயில் வேற ஜன்னலுக்குப் போயிருக்கும்.

சரியான கிழக்கு வேணும்னா மொட்டை மாடிக்குப் போ. மணல் ரொப்பின பெயிண்ட் டப்பாவுல ஒரு கம்பை நடு. நூல்ல சாவியைக் கட்டித் தொங்கவிட்டு, கம்பு செங்குத்தா நிக்குதான்னு பார்த்துக்கோ. காலையில 10 மணிக்கு நிழலோட நுனியில சாக்பீஸால ஒரு புள்ளி வை. கம்போட அடியில இருந்து அந்தப் புள்ளி வரைக்கும் கயிறு பிடிச்சு வட்டம் போடு. நிழல் குறுகி, மறுபடி நீண்டு, இன்னொரு இடத்துல வட்டத்தைத் தொடும். ஒன்றரை மணியில இருந்தே கண் வச்சிரு. தொட்ட இடத்துல ரெண்டாவது புள்ளி. ரெண்டையும் சேர்த்தா அதுதான் கிழக்கு மேற்கு. காலையில வச்ச புள்ளி மேற்குப் பக்கம். வருஷம் முழுக்க இது பலிக்கும். கோயில் கட்டுற ஸ்தபதிகள் இதைத்தான் சங்கு ஸ்தாபனம்னு சொல்றாங்க. அரண்மனை கட்ட ரெண்டு கோல் நட்டு நிழல் பார்க்கிறது நெடுநல்வாடையிலயே வருது.

அவ்வளவு நேரம் இல்லையா? உச்சிப்பொழுதை ஒட்டி ஒரு புள்ளி, 20 நிமிஷம் கழிச்சு இன்னொண்ணு. முதல் புள்ளி மேற்கு, அடுத்தது கிழக்கு. ஓரளவுக்குச் சரியா இருக்கும்.

நிழல் ஏன் அப்படி நகருது? பூமி மேற்கேயிருந்து கிழக்கே சுத்துது. ரயில் முன்னால போகும்போது மரம் பின்னால ஓடுற மாதிரி, சூரியன் மேற்கே போறதாத் தெரியுது. 4 நிமிஷத்துக்கு 1 டிகிரி. அதனாலதான் சென்னைக்கு உச்சிப்பொழுது வந்து 13 நிமிஷம் கழிச்சுத்தான் கோயம்புத்தூருக்கு வருது. கடிகாரத்துல 12 அடிச்சா சூரியன் உச்சியில இருக்கும்னு நினைச்சுக்காதே.

"மதிய நிழல் விழுற பக்கம் வடக்கு"ன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பே. நம்ம ஊர்ல அது பாதிதான் செல்லும். சென்னையில ஏப்ரல் 24 வாக்குல சூரியன் நேர் உச்சிக்கு வந்துடும். நட்ட கம்புக்கு நிழலே இருக்காது. அதுக்கப்புறம் ஆகஸ்ட் 18 வாக்குல மறுபடி உச்சிக்கு வர்ற வரைக்கும் மதிய நிழல் தெற்கே விழும். வடக்கு ஜன்னல்ல வெயிலே வராதுன்னு திரைச்சீலை வாங்காம இருந்துடாதே. அந்த மாசங்கள்ல அங்கயும் எட்டிப் பார்க்கும். துளசித் தொட்டியை தெற்கு பால்கனியில வச்சா மார்கழி, தை மாசங்கள்ல நல்லா வெயில் கிடைக்கும்.

ராத்திரிதான் வீடு பார்க்க நேரம் கிடைக்குதுன்னா பௌர்ணமியன்னிக்குப் போ. சூரியன் சாயுற நேரத்துல நிலா கிழக்கே கிளம்பும். மூணாம் பிறைன்னா சாயங்காலம் மேற்கே தெரியும்.

கடைசியா, படுக்கையறைக்கு மேற்குச் சுவர் இருந்தா, சாயங்காலம் 6 மணிக்கு அந்தச் சுவர்ல கையை வச்சுப் பாரு. சுட்டுச்சுன்னா வாடகையைக் குறைச்சுக் கேளு.