மலைப் பாடகர்களும் சட்டப் பாதுகாப்பும்

2022 ஜூலையில் 68-வது தேசியத் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்பட்டபோது, சிறந்த பின்னணிப் பாடகி விருது பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியைச் சேர்ந்த நஞ்சியம்மாவுக்குக் கிடைத்தது. இருளர் இனத்தவரான இவர், ‘அய்யப்பனும் கோஷியும்’ என்ற மலையாளப் படத்தில் தம் தாய்மொழியில் பாடியிருந்தார். முறையான இசைப் பயிற்சி இல்லாதவருக்கு இவ்விருது தகுமா எனச் சிலர் வினவினர். அதனினும் முக்கியமான வினா ஒன்றுண்டு: வழிவழி வந்த பாடல் ஒலிப்பதிவாகி விற்பனைக்கு வரும்போது அதன் பயன் யாரைச் சேரும்?

கூட்டுச் செல்வம்

அட்டப்பாடியில் இருளர், முதுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் வாழ்கின்றனர். அவர்தம் சடங்கிலும் விழாவிலும் பாட்டும் ஆட்டமும் இணைந்தே நிகழ்கின்றன. தமிழக எல்லையை ஒட்டிய இடுக்கி மாவட்டத்தில், மன்னான் இனத்தவர் கோவலன்–கண்ணகி கதையைக் கூத்தாக நிகழ்த்தி வருகின்றனர். இவற்றை இயற்றியவர் இன்னார் எனச் சுட்ட இயலாது. செவிவழியே ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறை பெற்ற கூட்டுச் செல்வம் இது.

சட்டம் தருவதும் தராததும்

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஆசிரியரை மையமாகக் கொண்டது. ஆசிரியர் அறியப்படாத பழம் பாடலுக்கு அது எளிதில் பொருந்துவதில்லை. ஆயினும் பாடுபவருக்குப் பாதுகாப்பு உண்டு. 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் நிகழ்த்துவோர் உரிமையை விரிவாக வகுத்தது. இவ்வுரிமை இப்போது 50 ஆண்டுகள் நீடிக்கிறது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், வணிகப் பயன்பாட்டில் உரிமத்தொகை பெறவும், நிகழ்த்தியவராகத் தம் பெயர் குறிக்கப்படவும் வழிசெய்தது.

உலக அளவிலும் இம்மாற்றம் படிப்படியாகவே நிகழ்ந்தது. 1961-ஆம் ஆண்டின் ரோம் உடன்படிக்கை இலக்கிய, கலைப் படைப்புகளை நிகழ்த்துவோரை மட்டுமே வரையறுத்தது. 1996-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைதான் நாட்டார் கலைகளை நிகழ்த்துவோரையும் சேர்த்துக்கொண்டது. இந்தியா 2018-இல் அதில் இணைந்தது.

எனினும் இவ்வுரிமை பாடிய தனிமனிதருக்கே உரியது. பாடலைப் பேணிக்காத்த ஊருக்கு அதில் பங்கில்லை. அதே பாடலை வெளியார் ஒருவர் கற்றுப் பாடினால், நிகழ்த்துவோர் உரிமை அவரைச் சேருமேயன்றி மலையூரைச் சேராது.

செய்ய வேண்டுவன

சட்டம் நிறைவு பெறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒலிப்பதிவுக்கு முன் ஒப்பந்தத்தைப் பாடகரின் மொழியில் படித்துக்காட்டி விளக்குதல், பாடலுடன் இனத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் குறித்தல், பதிவின் படியொன்றை ஊருக்கு அளித்தல், பள்ளிப் பிள்ளைகள் முதியோரிடம் பாடல் கற்க வாய்ப்பளித்தல் ஆகியவை களப்பணி அலுவலர்களால் இயன்றவையே. விருது ஒருவரைச் சிறப்பிக்கும்; இத்தகைய ஏற்பாடுகளே பாடலை ஊரில் நிலைக்கச் செய்யும்.